'ரிசல்ட் வரலை சார்'

நேயர்களுக்கு வணக்கம்.

எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்களை மருத்துவக் கல்லூரிகளில் பிஜி என்று கூப்பிடுவோம். பகலில் ஓ.பி., ராத்திரியில் டியூட்டி, கிடைக்கிற இடைவெளியில் தீசிஸ் என்று ஓடும் பிள்ளைகள். படிப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து, எழுதி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கல்லூரியில் ஆய்வு நாள் வரும்போது அதை மேடையில் சொல்லவும் வேண்டும். எட்டு நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கேள்வி. நான் சமூக மருத்துவத் துறைக்காரன். எத்தனை நோயாளிகளைச் சேர்க்கலாம், கணக்கை எப்படிப் போடலாம் என்று கேட்க எல்லாத் துறைப் பிள்ளைகளும் எங்களிடம்தான் வருவார்கள்.

அப்படி ஓர் ஆய்வு நாளுக்கு முந்தைய மாலை, சர்ஜரி பிஜி பெண் ஒருவர் லேப்டாப்போடு என் அறை வாசலில் வந்து நின்றார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு விலை கூடிய ஒரு கட்டுப் போடுவதையும் சாதாரண உப்புநீர்க் கட்டுப் போடுவதையும் ஒப்பிட்டது அவருடைய ஆய்வு.

"ரிசல்ட் வரலை சார். பி மதிப்பு 0.05-க்கு மேல போயிடுச்சு. வேற ஏதாவது டெஸ்ட் போட்டுப் பார்க்கலாமா?"

டெஸ்ட் என்று அவர் சொன்னது புள்ளிவிவரக் கணக்கு முறையை. பி மதிப்பு என்ன என்றும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிகிச்சைக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், நம் ஆய்வில் கண்ட அளவுக்கோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகவே தென்பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. 0.05-க்குக் கீழே வந்தால் கைதட்டல், மேலே போனால் தலைகுனிவு என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ரிசல்ட் வரலை என்று அந்தப் பெண் சொன்னது அதனால்தான். வந்திருந்த ரிசல்ட் அவர் கையிலேயே இருந்தது.

அவரை உட்காரவைத்து நம் சென்னையின் கதை ஒன்றைச் சொன்னேன். 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? அதனால் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே சிகிச்சை. இரண்டுக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. 1959-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தன. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை.

பெரிய வித்தியாசம் இல்லை என்ற அந்த முடிவுதான் காசநோய்ச் சிகிச்சையை உலகம் முழுக்க வீட்டுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். காய்கறித் தராசில் தங்கம் நிறுக்க முடியாது. பிரிவுக்கு 30 பேர் என்று சேர்க்கும் சின்ன ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், உண்மையிலேயே வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், அல்லது நம் தராசுக்கு அது எட்டாமல் போயிருக்கலாம். ஆகவே 'இரண்டும் சமம்' என்று சொல்லிவிடாதே, 'இந்த அளவு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை' என்று சொல். வேறு டெஸ்ட் மட்டும் போடாதே. வரும்வரை டெஸ்ட் மாற்றிக்கொண்டே போனால் எதுவும் வரத்தான் செய்யும். இந்தியாவில் சிகிச்சை ஆய்வுகளுக்கென்று 2007-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அதில் பதிந்தாக வேண்டும். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டால் பின்னால் மாற்றத் தோன்றாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

மறுநாள் மேடையில் அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் முடிவை உள்ளபடி சொன்னார். முதல் வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன்?" என்று கேட்டார். பல பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு தீசிஸின் பின்னாலும் மாஸ்டர் சார்ட் என்று ஓர் அட்டவணை இருக்கும். பெயர் இருக்காது, வரிசை எண், வயது, அளவுகள் மட்டும். அந்தப் பெண் அட்டவணையைப் பார்க்காமலே சொன்னார். 12-ஆம் எண்காரர் நூறு நாள் வேலைக்குப் போவதால் வர முடியவில்லை. 29-ஆம் எண்காரர் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். 41-ஆம் எண்காரருக்கு பஸ்ஸுக்குக் காசில்லை. எல்லோருக்கும் அவரே போன் செய்து கேட்டிருக்கிறார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அன்று நான் கேட்ட பேச்சுகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்பேன்.

நேயர்களே, ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் ஒப்புதல் படிவத்தோடு உங்களிடம் வரலாம். தமிழில் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. அது உங்கள் உரிமை.

ஆய்வு நாள் முடிந்ததும் அந்தப் பெண், "நோயாளிகளுக்கும் இந்த ரிசல்ட்டைச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அரைப் பக்கத் தமிழில் எழுதி, அடுத்த வார ஓ.பி.யில் கையில் வைத்திருந்தார். 37-ஆம் எண், மீன் விற்கும் ஓர் அம்மா. படித்துக் காட்டியதும் கேட்டார்.

"எனக்குக் கட்டுனது வெல கூடுனதா, கொறஞ்சதா டாக்டரம்மா?"

"குறைஞ்சதும்மா."

அந்த அம்மா செருப்பைக் கழற்றி, ஆறிய பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வணக்கம்.