சித்பூர் சாலையில் இரண்டு நாட்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மாணவப் பருவத்துப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1998-ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில், ஒரு சனி ஞாயிறில், விடுதி அறைத்தோழியோடு கல்கத்தாவுக்குப் போய் வந்ததுதான். கொல்கத்தா என்ற பெயர் 2001-இல்தான் வந்தது. அன்று எங்களுக்கு அது கல்கத்தா.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். இயற்பியல் முதுகலை படிப்பதற்காகக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்தது. கல்கத்தா அங்கிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர்தான் என்றாலும், ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தொடாமலே ரயில் ஏறி இறங்கிவிடுவேன். கரக்பூரிலேயே மெட்ராஸ் வண்டிகள் நின்றன என்பது அதற்கு ஒரு காரணம். தனியாகப் போகத் துணியவில்லை என்பது மற்றொன்று. என் அறைத்தோழி கிருஷ்ணநகரைச் சேர்ந்த வங்காளிப் பெண். அவள் சித்தப்பா வடகல்கத்தாவில், சோவாபஜாருக்குப் பக்கத்தில் இருந்தார். ஓர் இரவு அங்கே தங்கலாம் என்று முடிவானதும், நான் ஒரு நோட்டில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதினேன். விக்டோரியா நினைவு மண்டபம், 1814-இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகம், நாட்டிலேயே முதலாவதாக 1984-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ என்று பதினேழு இடங்கள் சேர்ந்தன. அவள் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு, "எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் இதில் மனிதர் ஒருவர்கூட இல்லையே" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தைத்தது. ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் கட்டடங்களைப் பார்ப்பது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை உள்ளூர் ரயிலில் ஏறினோம். பன்ஸ்குரா நிலையத்தில் பூ மூட்டைகளோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். ஈரத் துணியில் சுற்றிய செம்பருத்தி மொட்டுகளும், கயிறு கயிறாகக் கோத்த சாமந்தியும் பெட்டியின் தரையை நிறைத்தன. நிற்க இடமில்லாமல் கால்களை ஒடுக்கிக்கொண்டோம். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றின் பாலத்தைக் கடக்கும்போது, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஆற்றை நோக்கிக் கைகூப்பினார். தோழி அவரோடு பேச்சுக் கொடுத்தாள். வாரத்தில் ஆறு நாட்கள் இந்த வண்டியில் வருகிறாராம். ஹௌரா பாலத்தின் அடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுப் பிற்பகலில் திரும்புகிறாராம். "எங்களோடு வாருங்கள், சந்தையைக் காட்டுகிறேன்" என்று அவரே அழைத்தார். இரண்டு மூட்டைகளில் சிறியதை நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை நான் அப்படித்தான் முதன்முதலாகக் கடந்தேன், கையில் செம்பருத்தி மூட்டையோடு. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. ஏறத்தாழ 26,500 டன் எஃகு. மரையாணியோ திருகாணியோ கொண்டு பூட்டாமல், முழுவதும் ரிவெட் எனும் தறையாணி அடித்தே இணைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவைத்திருந்த செய்திகள். ஓரிடத்தில் மூட்டையைக் கீழே வைத்து இளைப்பாறியபோது, அந்தத் தறையாணிகளின் உருண்டைத் தலைகள் வரிசை வரிசையாக என் தோள் உயரத்தில் இருந்தன. கைவைத்தேன். மேலே வண்டிகள் போகப் போக எஃகு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. பாரம் ஏறும்போது அதிர்வதும் வளைந்து கொடுப்பதும் பாலத்தின் இயல்பு என்று வகுப்பில் கணக்குப் போட்டவள் நான். அன்றுதான் அந்த அதிர்வைக் கையால் அறிந்தேன்.

பூச்சந்தையிலிருந்து கிளம்பி, மகாத்மா காந்தி சாலை வழியாக நடந்து, சித்பூர் சாலை குறுக்கிடும் இடத்தில் டிராம் ஏறினோம். சித்பூர் சாலைக்கு ரவீந்திர சரணி என்பது இன்றைய பெயர். நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த பழம்பாதை என்று சொல்கிறார்கள். அந்தக் குறுகிய தெருவில் டிராம் மனிதர் நடக்கும் வேகத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் போயிற்று. அந்த வேகத்துக்கு நான் நன்றியுடையவளாக இருக்கிறேன். அத்தர்க் கடைகளையும், ஜாத்ரா நாடகக் குழுக்களின் வண்ணப் பலகைகளையும், கடை வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் முதியவர்களின் முகங்களையும் சன்னலோரத்தில் இருந்தபடியே பார்க்க முடிந்தது. ஜோராசாங்கோவில் இறங்கி, தாகூர் 1861-இல் பிறந்து 1941-இல் மறைந்த வீட்டுக்குப் போனோம். அவர் உயிர் பிரிந்த அறையின் வாசலில் தோழி செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் குமார்துலியில் கழிந்தது. குயவர் குடியிருப்பு என்பது அந்தப் பெயரின் பொருள். துர்க்கா பூஜைக்கு வேண்டிய மண் பிரதிமைகள் அங்கேதான் உருவாகின்றன. அங்குள்ள குடும்பங்களில் பலவற்றுக்குப் பூர்விகம் கிருஷ்ணநகர். தோழியின் சித்தப்பாவும் அந்தத் தொழிலில்தான் இருந்தார். இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்து, மூங்கில் தட்டிக் கொட்டகை, உள்ளே தலையில்லாத தெய்வங்கள் இருபது முப்பது. பூஜைக்கு இன்னும் மூன்று வாரமே இருந்ததால் ஒருவருக்கும் ஓய்வில்லை. ஆனாலும் அவர் என்னைப் பார்த்ததும் "வா மா" என்றார். வங்காளத்துப் பெரியவர்கள் இளம்பெண்களை "மா" என்று அழைக்கிறார்கள். நம் வீடுகளில் மகளை "வாம்மா" என்பது போன்றே அது என் காதில் விழுந்தது. ஓராண்டாக அந்த அழைப்பைக் கேளாதவளுக்குக் கண் கலங்கியது.

அவர் வேலையை நிறுத்தாமலே எனக்கு அதை விளக்கினார். முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கி உடம்பின் வடிவம் கட்டுகிறார்கள். உமி கலந்த ஒட்டுக் களிமண் முதல் பூச்சு. அது காய்ந்து வெடித்தபின், மணல் கலந்த மெல்லிய மண் இரண்டாம் பூச்சு. வெடிப்புகளின் மேல் சேற்றில் நனைத்த துணிக் கீற்றுகளை ஒட்டி மூடுகிறார்கள். முகம் அச்சில் எடுப்பது. விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் உருட்டுகிறார்கள். ஒரு பலகையில் அப்படி உருட்டி வைத்த விரல்கள் நூற்றுக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு விரலை எடுத்து, தம் கட்டைவிரல் நகத்தால் நுனியில் ஒருமுறை அழுத்தினார். நகம் பிறந்துவிட்டது. மூங்கில் குச்சியால் இரண்டு இடத்தில் கோடிட்டதும் கணுக்கள் தெரிந்தன. இவ்வளவுக்கும் நான் மூச்சு விட்டு வாங்கும் நேரம்தான் ஆயிற்று.

வண்ணம் ஒட்டுவதற்கு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை என்றார். அந்த விடையில் எனக்கு ஊர் வாசனை வந்தது. தெய்வத்தின் கிரீடமும் நகைகளும் வெள்ளை வெளேரென்று எதனாலோ செய்யப்பட்டிருந்தன. தொட்டால் கனமே இல்லை. ஷோலா என்றார்கள். நீர்நிலைகளில் வளரும் அந்தச் செடியின் தண்டைத்தான் நாம் நெட்டி என்கிறோம் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. தஞ்சாவூரில் பெரிய கோயிலின் வடிவத்தை நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்களே, அதே வெண்மைதான் இங்கே துர்க்கையின் தலையில் ஏறியிருக்கிறது.

"இவ்வளவு பாடுபட்டுச் செய்வதைச் சுடக் கூடாதா, நாள்பட இருக்குமே" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சுட்டால் ஆறு அவளைத் திருப்பி எடுத்துக்கொள்ளாது மா" என்றார். கங்கையின் வழியே படகில் வந்த மண், விஜயதசமியன்று கங்கைக்கே போய்க் கரைய வேண்டும். அதற்காகத்தான் வெயிலில் மட்டும் உலர்த்துகிறார்கள். கண் எழுதுவதை நாங்கள் பார்க்கவில்லை. மரபுப்படி அது மகாளய அமாவாசையன்று நடக்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் விருப்பப்படி நடப்பது என்று தோழி வாக்களித்திருந்தாள். நான் பதினேழில் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: பௌபஜார் தெரு, 210-ஆம் இலக்கம்.

சர் சி. வி. ராமன் 1907-இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத நிலையில், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். டிராமில் போகும்போது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டு இறங்கினார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அந்த இடத்தில், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தே அவர் அறிவியலாளர் ஆனார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், சிதறிய ஒளியின் நிறம் மாறுவதை அங்கேதான் உறுதிப்படுத்தினார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்த ஆய்வில் உடன் நின்றவர் கே. எஸ். கிருஷ்ணன், எங்கள் ஊருக்கு அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தவர். ஒரு தமிழ்ப் பெண் இயற்பியல் படிக்க வந்து அந்த வாசலைப் பார்க்காமல் போவது தகாது என்று நான் உறுதியாக எண்ணினேன்.

தேடிப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அந்த இலக்கத்தில் வணிகவியல் கல்லூரி ஒன்று இருந்தது. பழைய கட்டடம் இல்லை. எதிரே தேநீர்க் கடைத் தாத்தா எங்களை உள்ளே அழைத்துப் பெஞ்சில் இடம் தந்தார். தோழி விசாரித்தாள். "சயின்ஸ் அசோசியேஷனா? அது யாதவ்பூருக்குப் போய் எத்தனையோ காலமாயிற்றே" என்றார் அவர். பிறகு, யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டு, ராமன் பெயரைச் சொன்னதும், "டிராமிலிருந்து இறங்கினாரே, அவரா?" என்று கேட்டார். அந்தக் கதை அந்தக் கடைவரை வந்து சேர்ந்திருந்தது.

எனக்கு ஏமாற்றம்தான், மறைக்க விரும்பவில்லை. அந்தக் கட்டடத்தைக் காக்காமல் விட்டது நம் எல்லோருடைய குறை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, சூரிய ஒளி, இரண்டு நிற வடிகட்டிகள், ஒரு குப்பித் திரவம், ஒரு நிறமாலைக்காட்டி இவற்றைக் கொண்டு அவர்கள் என்ன கண்டார்கள் என்பதை, கணிதம் படித்த என் தோழிக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் அதை வங்காளியில் தாத்தாவுக்குச் சொன்னாள். நான் நடத்திய முதல் பாடம் அதுதான். மண் குவளையில் மூன்று முறை தேநீர் வந்தது. கடைசிக் குவளைக்கு அவர் காசு வாங்கவில்லை.

மாலையில் கல்லூரித் தெரு வழியாகப் போனோம். ஞாயிறு ஆகையால் புத்தகக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருந்தன. இரவு வண்டியில் கரக்பூர் திரும்பினோம். விக்டோரியா மண்டபத்தை நான் பார்த்தது அடுத்த ஆண்டில்தான்.

சித்பூர் சாலையில் இப்போது டிராம் ஓடுவதில்லை. 1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கிய அந்த வண்டிகளை, ஒரு பாரம்பரியத் தடம் தவிர, நிறுத்திவிடப் போவதாக 2024-இல் மேற்கு வங்க அரசு அறிவித்ததைச் செய்தித்தாளில் படித்தபோது, கிருஷ்ணநகரில் இருக்கும் தோழியோடு தொலைபேசியில் பேசினேன். அவளும் அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28 அன்று மாணவிகளுக்கு அந்த முகவரியைச் சொல்வேன். அங்கே என்ன இருக்கிறது அம்மா என்று கேட்பார்கள். ஒரு கல்லூரி வாசல் இருக்கிறது, எதிரே நான் போனபோது ஒரு தேநீர்க் கடை இருந்தது என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் வடிகட்டிகளின் படத்தை வரையத் தொடங்குவேன்.

நன்றி, வணக்கம்.