ஊர் என்றால் யார்?

(மேற்குத் தாம்பரத்தில், எங்கள் நான்கு தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் உதவிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, மாலை வகுப்புக்காக இரண்டு அறைகளைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, மாதம் ஒரு ஞாயிறு வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு ஒரு காபி மட்டும் குடித்துப் போகும் டாக்டர் அவர்களே, பந்தலுக்குப் பாதி வாடகை வாங்கிக்கொண்ட தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். தெருமுனை விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை என்று இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஆளோடு அவரே வந்து நின்றார். அம்மா, அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு.

செயலாளர் மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார். வரவு செலவு, மாலை வகுப்பு, உறுப்பினர் சேர்க்கை. வரவு செலவை அச்சடித்து உங்கள் நாற்காலியிலேயே வைத்திருக்கிறோம். அதில் 'இரவல் பொருட்கள்' என்ற வரியை மட்டும் பாருங்கள். நம் ஆபீஸ் என்பது ஒரு வீட்டின் கார் ஷெட். அங்கே சக்கர நாற்காலி இரண்டு, வாக்கர் மூன்று, படுத்த படுக்கையானவர்களுக்கு ஏர் பெட் ஒன்று இருக்கின்றன. நோட்டில் பெயர் எழுதி எடுத்துப் போகலாம், காசு கிடையாது. ஒரு சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ரப்பர் போய்விட்டது. யாரோ பழைய சைக்கிள் டியூபை வெட்டி, அழகாகச் சுற்றி, முனையை நூலால் கட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று விசாரித்தேன். பின்போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் ஒரு பையன்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். எந்த மேடையிலும் நான் சொல்லும் பழமொழி இதுதான். ஆனால் ஊர் என்றால் யார்?

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையை நினைத்துப் பாருங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். அந்தத் தண்ணீர் நமக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. நம்மை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, இடுப்பளவு தண்ணீர். அன்று நான் சங்கத்தின் பொருளாளர். உறுப்பினர் பட்டியலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மாடியில் நின்று கையில் வைத்திருந்தேன். அதில் பாதிப் பேர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மகளோடு கோவையில். அந்த வீடுகளில் அன்று யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். தண்ணீர் கேன் போடுபவர். இரண்டாம் தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். "சார், 14-ஆம் நம்பர்ல கீழ் வீட்டுப் பாட்டி எழுந்திருக்க மாட்டாங்க. கேனைக் கட்டில் பக்கத்துலதான் வைக்கச் சொல்வாங்க" என்றார். என்ன செய்தார் தெரியுமா? எட்டு காலிக் கேன்களை மூடி இறுக்கி, கொடிக்கயிற்றால் ஒரு கதவுப் பலகைக்கு அடியில் கட்டினார். உள்ளே போனபோது மெத்தை நனைந்திருந்தது. பாட்டி பயப்படவில்லை. "என் மருந்து டப்பாவை எடுத்துக்கோப்பா" என்றாராம். பலகையில் படுக்கவைத்து, மேலே ஒரு குடையைப் பிடித்து, ஆறு பேர் கயிற்றைப் பிடித்து மெயின் ரோடு மேடு வரை இழுத்து வந்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். எங்கள் ஊர்த் தேர்தான் கண்ணில் வந்தது. ஊர் கூடித் தேர் இழுத்ததை நான் பார்த்தது அன்றுதான். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்.

அடுத்த மாதம் பொதுக்குழு. அந்தக் கேன் போடுபவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனார். உறுப்பினர் இல்லையே என்று நோட்டை இழுத்துக்கொண்டோம். நம் துணைவிதி அப்படி: சொந்த வீடு இருந்தால்தான் உறுப்பினர். அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அது தவறு. இந்த மேடையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் வீட்டுப் பத்திரம் கேட்கவில்லை. நாம்தான் கேட்கிறோம். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், சொந்த வீடா வாடகை வீடா என்று யாரும் கேட்பதில்லை. 1989-இல் எம்.பி.நிர்மல் எக்ஸ்னோரா என்ற மக்கள் அமைப்பைத் தொடங்கிய பிறகு, சென்னையில் தெருத்தெருவாக மக்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, ஆள் வைத்துக் குப்பையை அள்ளினார்கள். குப்பை எல்லா வீட்டிலிருந்தும்தானே வருகிறது?

"இன்று இருப்பார்கள், 11 மாத அக்ரிமென்ட் முடிந்தால் போய்விடுவார்கள்" என்று சிலர் சொல்கிறீர்கள். போகட்டுமே! இருக்கும் 11 மாதமும் சந்தா கொடுக்கட்டும், வோட்டுப் போடட்டும். மாலை வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர்கள் பிள்ளைகள்தானே? ஊர் கூடித் தேர் இழு என்று கூப்பிட்டுவிட்டு, வடத்தைத் தொடாதே என்று சொல்லலாமா?

துணைவிதியைத் திருத்தும் தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் கையெழுத்திடுங்கள், எதிர்ப்பவர்கள் காரணத்தை எழுதுங்கள். படித்துவிட்டு அடுத்த பொதுக்குழுவில் பதில் சொல்கிறேன். அப்புறம், அந்தக் கேன்கார அண்ணன் இப்போது மூன்றாம் தெருவில் இருக்கிறார். இன்னமும் வாடகைதான். மேடைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார். மேசைக்குப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.