பர்ஸில் எத்தனை கார்டு?

நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்லாவுக்கு முன்னால் நிற்கிறோம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பர்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்த கிரெடிட் கார்டைக் கொடுப்பது என்று யோசிக்கிறோம். ஒன்றில் மளிகைக்கு 5 சதவீதம் கேஷ்பேக், இன்னொன்றில் பெட்ரோலுக்கு 3 சதவீதம், மற்றொன்றில் எது வாங்கினாலும் ஒன்றரை சதவீதம். சரியானதைத் தேடி எடுப்பதற்குள் கல்லாவில் இருப்பவர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்துவிடுகிறார். இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள் நான். இப்போது உறவினரும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "அக்கா, எத்தனை கார்டு வைத்துக்கொள்ளலாம்?" என்பதுதான் அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. அதற்கு நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். வாங்கி வைத்திருப்பதைக் கேட்கிறீர்களா, தினமும் பர்ஸில் தூக்கிக்கொண்டு போவதைக் கேட்கிறீர்களா? இரண்டும் வேறு. வீட்டு இழுப்பறையில் நாலு கார்டு இருக்கலாம், பாதகமில்லை. பர்ஸுக்குள் போகிறவற்றைத்தான் எண்ண வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இந்த இடத்துக்கு வருவேன்.

முதலில், இந்தக் கேஷ்பேக் எங்கிருந்து வருகிறது? வங்கி தன் பெட்டியைத் திறந்து தர்மம் செய்வதில்லை. நீங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு சிறு கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, அந்தப் பங்கிலிருந்து ஒரு துளி உங்களுக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் ஒரு விதி கொண்டுவந்தது. தனிநபர் கிரெடிட் கார்டுகளில் வங்கிக்குப் போகும் அந்தப் பங்கு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஊற்று அவ்வளவு சிறியதாக இருக்கும் இடத்தில் பெரிய கேஷ்பேக் எங்கிருந்து சுரக்கும்? அமெரிக்காவில் அந்தப் பங்கு பெரிது. அங்கே 1986-இல் டிஸ்கவர் கார்டு நாடெங்கும் அறிமுகமானபோதே செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஆட்களைச் சேர்க்க முடிந்தது. மற்றொரு வருவாய், தவணையைத் தவறவிட்டவர்கள் கட்டும் வட்டியும் அபராதமும். ஆகவே கேஷ்பேக் என்பது ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு மட்டுமே லாபம். ஏற்கெனவே கார்டில் கடன் நிலுவை வைத்திருப்பவர் இன்று என் பேச்சில் வேறு எதையும் கேட்க வேண்டாம். அவர் பர்ஸில் இருக்க வேண்டிய கார்டுகள் பூஜ்யம். கடன் தீரட்டும், பிறகு பார்க்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். காகிதம், பேனா எதுவும் வேண்டாம், மனக்கணக்கே போதும். மாதம் 1000 செலவழிக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

முதல் கார்டு எல்லாவற்றுக்கும் ஒன்றரை சதவீதம் தருகிறது. 1000-க்கு 15 கிடைத்தது. நல்லது.

இரண்டாவது கார்டு மளிகைக்கு 5 சதவீதம் தருகிறது. குடும்பத்தின் மளிகைச் செலவு 300. அதற்கு 15 கிடைக்கும். ஆனால் இந்த 15 முழுவதும் புது லாபமா? இல்லை. அதே 300-ஐ முதல் கார்டில் செலவழித்திருந்தாலும் நாலரை வந்திருக்கும். ஆக, இரண்டாவது கார்டு கூடுதலாகத் தந்தது பத்தரை. இதுவும் நல்ல தொகைதான்.

மூன்றாவது கார்டு பெட்ரோலுக்கு 3 சதவீதம். செலவு 100, கிடைப்பது 3. முதல் கார்டே ஒன்றரை தந்திருக்கும். கூடுதல் ஒன்றரை. நான்காவது கார்டு உணவகத்துக்கு 4 சதவீதம். செலவு 50, கிடைப்பது 2. முதல் கார்டே முக்கால் தந்திருக்கும். கூடுதல் ஒன்றேகால்.

கவனித்தீர்களா? 15, பத்தரை, ஒன்றரை, ஒன்றேகால். இரண்டாவது கார்டைத் தாண்டியதும் படி சட்டென்று இறங்கிவிடுகிறது. விளம்பரத்தில் "3 சதவீதம்", "4 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நாமும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. கையில் இருக்கும் கார்டு தருவதைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மீண்டும் சொல்கிறேன், கழித்த பிறகு மிஞ்சுவது. முப்பது ஆண்டு கணக்கு எழுதியதில் எனக்குப் பிடித்துப்போன ஒரே சங்கதி இந்தக் கழித்தல்தான். யார் எந்தச் சலுகையோடு வந்தாலும் நான் முதலில் கழிப்பேன்.

சரி, ஒன்றரை என்றாலும் லாபம்தானே, விடுவானேன் என்று கேட்கலாம். அந்த மூன்றாவது கார்டுக்குத் தனியாக ஒரு பில் வரும், தனியாக ஒரு கடைசித் தேதி இருக்கும். 100 பில்லை ஒரு மாதம் மறந்துபோனால், மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 3 போய்விட்டது. இரண்டு மாத லாபம் வட்டிக்கே சரியாகிவிட்டது. தாமதக் கட்டணம் தனி. சின்ன பில்லுக்குத் தாமதக் கட்டணம் வட்டியைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம், ஓராண்டு லாபத்தையும் விழுங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. முழுத் தொகையைக் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் போய்விடும். அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். வேலைக்காக நாள் முழுக்க வண்டியில் அலைகிறவருக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலாக இருக்கும். அவருக்குப் பெட்ரோல் கார்டுதான் இரண்டாவது. அவரவர் மூன்று மாத பில்லை எடுத்துப் பாருங்கள், எந்த வகைச் செலவு முதலில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வகை என்றதும் ஒரு எச்சரிக்கை. கடை எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்வது நீங்களும் நானும் அல்ல. ஒவ்வொரு கடைக்கும் கார்டு அமைப்பில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. பேரங்காடிக்குள் இருக்கும் மளிகைப் பிரிவில் பருப்பு வாங்கினாலும், அந்தக் கடை பேரங்காடி என்று பதிவாகியிருந்தால் மளிகைச் சலுகை வராது. பில் வந்த பிறகே அது தெரியும்.

இப்போது எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் என் பர்ஸில் ஆறு கார்டுகள் இருந்தன. கார்டின் தடிமன் உலகெங்கும் ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். ஆறையும் அடுக்கினால் அரை சென்டிமீட்டர்கூட வராது. கைக்குச் சுமை தெரியாது, அதனால்தான் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு மாலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். தோளில் பை இருந்தது, பைக்குள் பர்ஸ் இல்லை. பையின் பக்கவாட்டு ஜிப் திறந்து கிடந்தது. பஸ் போய்விட்டது.

முதலில் கார்டுகளை முடக்க வேண்டும். எந்த எண்ணை அழைப்பது? அவசர உதவி எண் கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும். கார்டு பர்ஸோடு போய்விட்டது. பஸ் நிறுத்தத்தின் விளக்கடியில் நின்று கைப்பேசியில் ஒவ்வொரு வங்கியின் எண்ணாகத் தேடினேன். மூன்று வங்கிகள், ஆறு கார்டுகள். முதல் வங்கியில் ஏழெட்டு நிமிடம் இசையைக் கேட்க வைத்தார்கள். பிறகு எடுத்தவர், "கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொல்லுங்கள்" என்றார். ஆறு கார்டுக்கு இருபத்து நான்கு எண்கள், யாருக்கு நினைவிருக்கும்? பிறந்த தேதி, முகவரி, கடைசியாக வாங்கிய பொருள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடக்கினார்கள். கைப்பேசியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது.

ஐந்து முடிந்தது. ஆறாவது கார்டு பர்ஸில்தான் இருந்ததா? அன்று காலை எடுத்து மேஜைமேல் வைத்தேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நேயர்களே, அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. என் பெயரில், என் கையெழுத்தில் வாங்கிய கார்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் முடக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மின்சார பில்லுக்கு அடியில் கிடக்கிறது. மின்கட்டணம், தொலைபேசி, காப்பீட்டுத் தவணை எல்லாம் மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தது அந்த ஒரு கார்டில்தான். முடக்கியதை மீட்க முடியாது, புது கார்டுதான் தருவோம் என்றார்கள். புது கார்டு, புது எண். பழைய ஏற்பாடுகள் எல்லாம் அறுந்தன. காப்பீட்டுத் தவணை ஒரு மாதம் தவறிவிட்டது. அதைச் சரிசெய்ய நான் நடந்த நடை இருக்கிறதே, அது தனிக் கதை.

திருடியவர் அந்த ஐந்து கார்டில் ஒரு காசுகூட எடுக்கவில்லை. என் நஷ்டமெல்லாம் கார்டுகளின் எண்ணிக்கையால் வந்தது. இரண்டு கார்டு மட்டும் பர்ஸில் இருந்திருந்தால் பத்து இருபது நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் வெளியே எடுத்துப் போவது இரண்டு. கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில் தரும் கார்டு. இரண்டு, உங்கள் பெரிய செலவு எதுவோ அந்த வகைக்குக் கூடுதலாகத் தரும் கார்டு. தானியங்கிக் கட்டணங்களை மூன்றாவதாக ஒரு கார்டில் கட்டி அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அது வாசலைத் தாண்டவே கூடாது. பர்ஸ் தொலைந்தாலும் வீட்டு விளக்கு எரியும். உதவி எண்களையும் கடைசி நான்கு எண்களையும் வீட்டு நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். முழு எண்ணை எழுத வேண்டாம்.

இரண்டு கார்டில் ஒன்றின் பணம் விசா என்ற நிறுவனத்தின் வழியாகப் போகிறது என்றால், மற்றது வேறு நிறுவனத்தின் வழியாகப் போவதாக இருக்கட்டும். 2018 ஜூன் 1 அன்று ஐரோப்பா முழுக்க விசா பரிவர்த்தனைகள் பல மணி நேரம் தடுமாறின. தரவு மையத்தில் ஒரு கருவி பழுதானதுதான் காரணம். அன்று விசா கார்டு மூன்று வைத்திருந்தவரும் கல்லாவில் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்பார். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். ஒன்று பர்ஸில், ஒன்று பையின் வேறு அறையில். தொட்டுச் செலுத்தும் கார்டுகளைச் சேர்த்துப் பிடித்து இயந்திரத்தில் காட்டினால், நாம் நினைக்காத கார்டில் பணம் போய்விடும் சங்கடமும் உண்டு.

மளிகை கார்டில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். அது தாண்டியதும் விகிதம் விழுந்துவிடும். அப்போது முதல் கார்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டே கார்டு என்றால் இதை நினைவில் வைப்பது எளிது. ஐந்தாறு கார்டின் வரம்புகளை யார் நினைவில் வைப்பது?

கார்டு பெருகினால் செலவும் பெருகும் என்பது என் அனுபவம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். ஒன்றரை சதவீதம் திரும்ப வருகிறது என்ற மகிழ்ச்சியில் பத்து சதவீதம் கூட வாங்கிவிட்டால் என்ன ஆவது? இதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள்.

ஆகவே, கைப்பேசியில் கார்டைச் சேர்த்துவைப்பது பற்றி ஒரே ஒரு வார்த்தை. அங்கும் இதே கணக்குதான். பத்து கார்டு சேர்த்தாலும் பத்து பில் வரும், பத்து தேதி நினைவிருக்க வேண்டும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோகும் நாளுக்காக அட்டையாகவும் ஒன்று கையில் இருக்கட்டும்.

வேண்டாத கார்டை மூடுகிறவர்களுக்கு. முதலில் அதில் சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கை எடுத்துவிடுங்கள், மூடிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. தானியங்கிக் கட்டணம் ஏதாவது அதில் தொங்குகிறதா என்று பாருங்கள். நிலுவை இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு எதுவோ, ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் அதை மட்டும் மூடாதீர்கள். நாளை வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது, எத்தனை ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டி வருகிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இழுப்பறையில் கிடக்கட்டும். நேரம் முடிந்தது. நன்றி, வணக்கம்.