ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் மனசு சரியில்லை

வணக்கம். நடந்துகொண்டே பேசுகிறேன், நடுவில் மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்கா. எனக்கு இன்றைக்கு மதியம்தான் ஷிப்ட்.

காலையில் எழுந்ததிலிருந்தே மனசு சரியில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் திட்டவில்லை, சம்பளம் வந்துவிட்டது, ஊரில் அம்மா நன்றாக இருக்கிறார். எனக்கு எரிச்சலே அந்த "ஏன்?" மேல்தான். வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் ஒரு காரணத்தைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். தேடினால் கிடைக்காமலா போகும்? என்றைக்கோ ஒரு கல்யாணத்தில் அத்தை சொன்ன பேச்சு வரைக்கும் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அதனால் இப்படிப்பட்ட நாளில் நான் காரணத்தைத் தேடுவதே இல்லை. முதலில் வெளிச்சத்துக்குப் போய்விடுகிறேன்.

சிங்கப்பூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்தான், வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆனால் அந்தப் பகலில் நாம் எங்கே இருக்கிறோம்? இங்கே சூரியன் உதிக்கவே சுமார் 7 மணி ஆகிறது. இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஆறரைக்கு ஜன்னலைப் பார்த்துவிட்டு, அலாரம் தப்பாக அடித்ததோ என்று குழம்புவார்கள். பூமியில் நாம் இருக்கிற இடத்துக்கு லண்டன் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். நம் கடிகாரம் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கடைசியாக 1982 ஜனவரி 1 அன்று, மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக, இன்னும் அரை மணி நேரத்தை முன்னே தள்ளினார்கள்.

பலன் என்ன? இருட்டில் கிளம்புகிறோம், சுரங்கத்தில் ஓடும் எம்ஆர்டி ரயிலில் போகிறோம், நாள் முழுக்க ஏர்கான். மதியச் சாப்பாடும் ஏதாவது கடைத்தொகுதியின் அடித்தளத்தில். வேலை முடிந்து வெளியே வந்தால் மறுபடி இருட்டு. வெயில் ஊரில் வெயிலே படாமல் வாரத்தை ஓட்டிவிட முடிகிறது.

நம் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமோ, காலையில் கண்ணில் படுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தூக்கமும் சுறுசுறுப்பும் அதைத் தொட்டே வருகின்றன. ஆபிஸ் விளக்கு பளிச்சென்று தெரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. பகலில் வெளியே மரநிழலில்கூடப் பல ஆயிரம். கண் பழகிவிடுவதால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. ஷிப்ட் சீக்கிரமாக இருக்கிற நாளில், சாப்பாட்டு நேரத்திலாவது ஒரு சுற்று வெளியே போய் வருவேன். வியர்க்கும்தான். வியர்க்கட்டுமே.

இதோ, இது காலாங் ஆறு. முன்பு இந்த இடத்தில் நேராக ஒரு கான்கிரீட் கால்வாய்தான் ஓடியது. கான்கிரீட்டை எடுத்துவிட்டு, 2012இல் இப்படி வளைந்து போகும்படி திறந்துவிட்டார்கள். உடனே வாழ்க்கைத் தத்துவம் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதீர்கள். நீர்நாய் கண்ணில் படுமா என்று பார்க்கத்தான் இங்கே வருகிறேன். இன்றைக்கு இதுவரை இல்லை.

அப்புறம், மூடு வந்ததும் செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது வரவே வராது. மனநல சிகிச்சையிலேயே இதற்கு ஒரு முறை இருக்கிறது. விருப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்ய வைப்பார்கள், மனசு பின்னாலேயே வரும். வீடு முழுக்கப் பெருக்க வேண்டாம், தொட்டியில் கிடக்கிற தட்டைக் கழுவினால் போதும். நன்றி சொல்லப் பத்து விஷயம் எழுது என்பார்களே, அது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பாதி எழுதுவதற்குள் "இவ்வளவு இருந்துமா இப்படி இருக்கிறாய்?" என்று நானே என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஒரு நாள், இரண்டு நாள் சோர்வைப் பற்றி. இரண்டு வாரம் ஆகியும் விடவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, பிடித்ததே பிடிக்கவில்லை என்றால் பூங்காவில் நடப்பது போதாது. பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், டாக்டரைப் பாருங்கள். மனசு விட்டுப் பேச 1771 என்ற தேசிய எண் 24 மணி நேரமும் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767ஐக் கூப்பிடுங்கள், அவர்களும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

சரி, நான் இப்படியே லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போகிறேன். வீட்டுப் பக்கத்திலும் கீரை கிடைக்கும், ஆனால் அங்கே கீரைக்கார அண்ணன் "என்னம்மா, முளைக்கீரையா, முருங்கையா?" என்று கேட்பார். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள், நின்று யோசிக்கவும் விட மாட்டார்கள். பஸ் வந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம்.