தலங்கம வயல்களை நிரப்ப விடலாமா?

நடுவர் அவர்களே, வெள்ளவத்தை மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"எழில் கொஞ்சும் கிராமத்துக்கு முதல் தேவை வெட்டவெளியா, வீடா?" இதுதான் தலைப்பு. வெட்டவெளியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, வாடகை வீடு விட்டு வாடகை வீடு சாமான் தூக்கும் குடும்பங்களின் கதையைச் சொன்னார். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அந்த வலியை அனுபவித்தவர்கள். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தங்கையிடம் ஒன்று கேட்கிறேன். கொழும்பை அடுத்த பத்தரமுல்லைக்கு அப்பால், தலங்கம வாவிக்கரையில் வயலை நிரப்பி எழுப்புகிற வீட்டுக்குள் அந்தக் குடும்பமா குடிபுகப் போகிறது? விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். வாவி தெரியும் வீடு, வயல் காற்று வீசும் மாடி என்றுதான் பேர்ச் கணக்கில் விலை ஏறுகிறது. காட்சிக்குத்தான் அங்கே காசு. முதலில் கட்டியவர் ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும். அடுத்தவர் அந்த வயலிலேயே வந்து கட்டுவார். பத்தாவது வீடு எழும்பும்போது எல்லோருக்கும் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

அந்த இடத்தை ஒருமுறை காலையில் போய்ப் பாருங்கள். தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி நடக்கும். கரையோர மரங்களில், இலங்கையில் மட்டுமே வாழும் ஊதாமுக மந்தி தாவும். வாவிக்குக் கீழே வயல். கொழும்பு மாவட்டத்துக்குள்தான் இத்தனையும். இதன் அருமை தெரிந்துதான் 2007ஆம் ஆண்டில் இப்பகுதியைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் பயம் தீரவில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

"தரிசாகக் கிடக்கிற வயலைத்தானே நிரப்புகிறார்கள்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, தலைநகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வயல் எப்படித் தரிசாகிறது என்று சொல்கிறேன். மேலே ஒருவர் மதில் கட்டுகிறார். வாய்க்கால் அடைபடுகிறது. பெரும்போகத்தில் நீர் வடியாமல் பயிர் அழுகுகிறது. சிறுபோகத்தில் நீர் வராமல் காய்கிறது. உழவர் கையை விரித்துவிடுகிறார். புல்லும் கோரையும் ஆளுயரம் வளர்கின்றன. பிறகு ஒருநாள் இரவில் டிப்பர் வந்து, வீதியோரமாக ஒரு சுமை செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறது. யாரும் கேட்கவில்லை என்றால் அடுத்த வாரம் பத்துச் சுமை. மண் இறுகியதும் நான்கு மூலையிலும் எல்லைக்கல். வயல் தானாகத் தரிசாவதில்லை, நடுவர் அவர்களே. அதைத் தரிசாக்குகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. டிப்பருக்கு அது தெரியாது போலும் என்று நாம் சும்மா இருக்கலாமா?

இனித் தண்ணீருக்கு வருகிறேன். ஓர் ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். அந்த ஏக்கரை நிரப்பிவிட்டீர்கள். மழை குறையப் போவதில்லையே, அந்த 12 இலட்சம் லீற்றர் எங்கே போகும்? தாழ்ந்த இடத்துக்குப் போகும். தாழ்ந்த இடத்தில் இருப்பவர் யார்? மேட்டுக்காணி வாங்க வசதி இல்லாதவர். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் தமிழ்க் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள் எல்லாம் படகில் ஏறி வெளியேறியதை நாம் மறக்கவில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. கோட்டேச் சதுப்பு நிலங்களின் நீரில் ஒரு பகுதி கிருலப்பனைக் கால்வாய் வழியாக வந்து, இதோ இந்த வெள்ளவத்தையில்தான் கடலில் சேர்கிறது. ஆகவே மேலே கொட்டுகிற மண்ணுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று இங்கே எவரும் சொல்ல முடியாது. 2018இல் கொழும்புக்கு, ராம்சர் என்னும் சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகத் தலைநகரங்களில் முதன்முதலில் அதைப் பெற்றது நம் நகரம். அந்தப் பெருமையைச் சுவரில் மாட்டிவிட்டு ஈரநிலத்தை நிரப்புவது எந்த நியாயம்?

வெறும் நிலம் என்று ஒரு வெளியை ஒதுக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லை சாட்சி. வயலும் சதுப்புமாக இருந்த இடத்தில் நகரத்தின் குப்பையை மலையாகக் குவித்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்த மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்குள் போயின.

அப்படியானால் வீட்டுக்கு எங்கே போவது? வெள்ளவத்தை ஒழுங்கைகளைப் பாருங்கள். தனி வீடு நின்ற அதே காணியில் இன்று தொடர்மாடி நிற்கிறது. கட்டிய நிலத்திலேயே மேலே கட்டலாம் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். அந்த மாடிகளில் ஏழைக்கும் இடம் வேண்டும் என்று எதிரணி போராடினால், அவர்களோடு நானும் வருவேன்.

எதிரணியின் ஒரு கேள்வி மட்டும் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. வயலில் நட்டப்படுகிற உழவர் தன் காணியை விற்கக் கூடாதா? கேட்க வேண்டிய கேள்வி. நகரத்துக்கு வர வேண்டிய வெள்ளத்தைத் தன் வயலில் தாங்குகிறார் அவர். அந்தச் சேவைக்கு நகரம் இதுவரை அவருக்கு என்ன கொடுத்தது? ஆண்டுதோறும் ஒரு கொடுப்பனவு செய்யட்டும். வாய்க்காலைத் திருத்திக் கொடுக்கட்டும். வயலை வயலாக வைத்திருப்பவருக்கு வருமானம் வந்தால் தரகர் வந்து கதவைத் தட்ட மாட்டார்.

ஆகவே நடுவர் அவர்களே, வெட்டவெளிக்கே முதலிடம் என்று தீர்ப்பளியுங்கள். அனுமதியின்றி வயலில் கொட்டிய மண்ணைக் கொட்டியவரே தம் செலவில் அள்ளிச் செல்ல வேண்டும் என்ற ஒரு வரியையும் அந்தத் தீர்ப்பில் சேர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.