வொல்ஃப்ஸ்பர்க்கில் பூஜ்யம், நாப்போலியில் 26: விக்டர் ஓசிம்ஹெனின் ஐரோப்பியப் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

நைஜீரியக் கால்பந்து வீரர் விக்டர் ஓசிம்ஹென் ஐரோப்பாவில் சேர்ந்த முதல் கிளப், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க். 2017 ஜனவரியில் சேர்ந்தார். அடுத்த ஒன்றரை ஆண்டில் 16 ஆட்டங்களில் களமிறங்கினார். அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. பிறகு 2022–23 பருவத்தில், இத்தாலியின் முதல்நிலை லீகான செரி ஆ-வில் நாப்போலி கிளப்புக்காக 26 கோல் அடித்து, அந்தப் பருவத்தின் அதிக கோல் வீரராக முடித்தார். ஆப்பிரிக்க வீரர் ஒருவர் அங்கே அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அவருடைய கோல்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒப்பந்தங்களையும் விதிகளையும் ஆட்ட அட்டவணையையும் பார்த்தவர்கள் குறைவு. ஒரு ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கரின், அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை வீரரின், வாழ்க்கையில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது.

ஓசிம்ஹென் 1998 டிசம்பர் 29-ல் லாகோஸ் நகரில் பிறந்தார். வளர்ந்தது ஒலுசோசுன் குப்பைமேட்டை ஒட்டிய பகுதியில். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே ஓடித் தண்ணீர் விற்றவர். இந்த வறுமைக் கதையை ஊடகங்கள் போதுமான அளவு சொல்லிவிட்டன. நான் அதில் நிற்கப் போவதில்லை. லாகோஸில் அப்படி ஓடிய பையன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவர் மட்டும் விமானம் ஏறியது எப்படி என்பதே நமக்கு வேண்டியது.

அதற்கு வழி திறந்தது 2015-ல் சிலி நாட்டில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. நைஜீரியா 7 ஆட்டங்கள் ஆடி, இறுதியில் மாலியை 2–0 என்று வென்றது. ஓசிம்ஹென் அடித்தது 10 கோல். அந்தப் போட்டித் தொடரின் சாதனை அது. இந்தப் போட்டியில் ஆடுவதற்கே ஒரு பரிசோதனையைத் தாண்ட வேண்டும். 2009 முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வயதைச் சரிபார்க்கிறது. மணிக்கட்டுக்கு அருகே ஆரை எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுவதுமாக இணைந்திருந்தால், அந்தப் பையன் 17 வயதைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு அணியிலிருந்து நீக்குவார்கள். ஆப்பிரிக்கப் பிறப்புச் சான்றிதழ்களை நம்பத் தயங்கிய ஐரோப்பிய கிளப்புகள், அந்தத் தொடரில் ஆடிய வீரர்களை ஓரளவு நம்பி வாங்கின.

சிலியில் அவருக்கு வயது 16. அப்போதே ஐரோப்பிய கிளப்புகளுக்காக வீரர்களைத் தேடுபவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆனாலும் உடனே கூட்டிப்போக முடியாது. ஃபிஃபாவின் வீரர் மாற்று விதிகளில் 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு: பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால், நாட்டெல்லையை ஒட்டி வசித்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 முதல் 18 வயதுக்குள் மாறினால். லாகோஸ் பையனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. 2016 டிசம்பர் 29-ல் அவருக்கு 18 முடிந்தது; அடுத்த வாரமே குளிர்கால மாற்றுச் சந்தை, அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்பட்ட காலம், திறந்தது; வொல்ஃப்ஸ்பர்க் ஒப்பந்தம் வெளியானது. விலை சுமார் 35 லட்சம் யூரோ என்று பேசப்பட்டது. ‘பதினெட்டு ஆவதற்கு முன்பே உன்னை ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், பணத்தைக் கட்டு’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது பொய். மேற்கு ஆப்பிரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்று ஏமாந்தது இந்த ஒரு விதி தெரியாமல்தான்.

வொல்ஃப்ஸ்பர்க் பணமுள்ள கிளப். வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் கிளப். பெயரைப் பார்த்தால் நல்ல தேர்வு போலத் தெரியும். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த நேரம் மோசமானது. 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்களிலும் அந்த அணி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கும் விளிம்பில் இருந்தது. இரண்டு முறையும் பிளே-ஆஃப் என்ற கூடுதல் தீர்மான ஆட்டங்கள் ஆடித்தான் தப்பியது. ஒன்றரை ஆண்டில் இஸ்மாயேல், யோங்கர், ஷ்மிட், லபாடியா என்று நான்கு பயிற்சியாளர்கள். ஒவ்வொரு வாரமும் வேலை போய்விடுமோ என்று இருக்கும் பயிற்சியாளர், 18 வயதுப் பையனைக் களமிறக்கிச் சோதனை செய்ய மாட்டார். முன்வரிசையில் மரியோ கோமெஸ் என்ற தேர்ந்த ஸ்ட்ரைக்கர் வேறு இருந்தார். நடுவில் ஓசிம்ஹெனுக்குத் தோள்பட்டைக் காயமும் வந்தது.

2018 கோடையில் இன்னொரு அடி: மலேரியா. மலேரியா உள்ள ஊரிலேயே வளர்ந்தவருக்கு உடலில் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். கொசுக்கடி இல்லாத நாட்டில் சில காலம் இருந்தால் அது குறைந்துவிடும். விடுமுறையில் ஊருக்குப் போய்வரும் ஆப்பிரிக்க வீரர்கள், அங்கேயே இருப்பவர்களைவிடக் கடுமையாகப் படுத்துவிடுவது இதனால்தான். ஐரோப்பாவிலிருந்து போகிற சுற்றுலாப் பயணியைப் போலவே இவர்களும் பயணத்துக்கு முன்பே தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும். ‘சொந்த ஊர்தானே’ என்று பலர் எடுப்பதில்லை. காய்ச்சலிலிருந்து முழுவதும் தேறாத நிலையில் பெல்ஜியத்தின் சுல்டே வாரெகெம், கிளப் ப்ரூஹ் என்ற இரண்டு கிளப்புகளின் கதவைத் தட்டினார் ஓசிம்ஹென். இரண்டுமே வேண்டாம் என்றுவிட்டன.

மூன்றாவதாகக் கூப்பிட்டது ஷார்லெருவா. பெல்ஜியத்தின் நடுத்தர கிளப். ஓராண்டுக் கடன் ஒப்பந்தம்: வீரர் வொல்ஃப்ஸ்பர்க்குக்கே சொந்தம், ஆடுவது ஷார்லெருவாவுக்கு. பருவ முடிவில் வேண்டுமானால் சுமார் 35 லட்சம் யூரோவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற விருப்ப உரிமையும் அதில் இருந்தது. பயிற்சியாளர் ஃபெலீஸ் மட்சு அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 ஆட்டம், 20 கோல். ஷார்லெருவா உரிமையைப் பயன்படுத்தி வாங்கியது; சில வாரங்களிலேயே பிரான்சின் லீல் கிளப்புக்குப் பல மடங்கு விலைக்கு விற்றது.

ஆப்பிரிக்க வீரர்கள் ஏன் பெல்ஜியம், பிரான்ஸ் வழியாகவே நிறைய வருகிறார்கள் என்று கேட்கலாம். பிரெஞ்சு மொழி ஒரு காரணம். ஆனால் லாகோஸ் பையனுக்கு அது உதவாது. விதிகள்தான் பெரிய காரணம். பெல்ஜியத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பதிலாக, அவர்களுக்குச் சட்டப்படி உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சிறிய கிளப்புக்கு அவ்வளவு கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைக்கக் கட்டுப்படியாகாது. வாங்கினால் ஆட வைக்கும். பிரான்சில் வெளிநாட்டார் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனால் ஆப்பிரிக்க நாடுகளுடன் ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்டு அப்போது நடப்பில் இருந்த கொட்டொனு உடன்படிக்கையால் அந்நாட்டு வீரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இத்தாலியில் அப்படியில்லை. வெளியிலிருந்து புதிதாகப் பதிவு செய்ய ஒரு பருவத்துக்கு மிகச் சில இடங்களே கிடைக்கும். அந்த இடத்தைப் பெயர் தெரியாத பையனுக்காக யாரும் செலவழிக்க மாட்டார்கள். நேராக நாப்போலிக்குப் போயிருக்க முடியாது. ஷார்லெருவா, லீல் என்ற இரண்டு படிகள் தேவைப்பட்டன.

ஐவரி கோஸ்ட்டின் ஸ்ட்ரைக்கர் திதியே த்ரோக்பாவும் ஏறக்குறைய இப்படித்தான். லெ மான், கெங்காம்ப் என்ற சிறிய பிரெஞ்சு கிளப்புகளில் ஆடிய பிறகே, 2003-ல் 25 வயதில் மார்சேய் போனார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் செல்சி. என்னைக் கேட்டால், இளம் ஸ்ட்ரைக்கருக்கு முதல் கிளப்பின் பெயர் முக்கியமில்லை; வாரத்துக்கு 90 நிமிடம் கிடைக்குமா என்பதுதான் முக்கியம்.

லீலில் கொரோனாவால் பாதியில் நின்ற 2019–20 பருவத்தில் 27 லீக் ஆட்டங்களில் 13 கோல். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் செல்சிக்கு எதிராகத் தலையால் முட்டி ஒன்று. 2020 கோடையில் நாப்போலி 7 கோடி யூரோவுக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் வாங்கியது. முழுத்தொகையும் பணமாகக் கைமாறவில்லை. நாப்போலியின் நான்கு வீரர்கள் ஒரு விலை போடப்பட்டு லீலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்று இளைஞர்கள் லீலின் முதன்மை அணிக்கு ஒரு முறைகூட ஆடவில்லை. இந்தக் கணக்கு பின்னாளில் விசாரணைக்கு வந்தது. 2022-ல் இத்தாலியக் கால்பந்துத் தீர்ப்பாயம் நாப்போலியைத் தண்டிக்கவில்லை. பத்திரிகையில் டிரான்ஸ்பர் தொகையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நாப்போலியில் முதல் இரண்டு பருவங்களைக் காயங்கள் தின்றன. 2020 நவம்பரில் நைஜீரியாவுக்காக சியரா லியோனுடன் ஆடும்போது தோள் நழுவியது, தொடர்ந்து கொரோனா. சம்பளம் கொடுக்கும் கிளப் ஒன்று, காயம் படுவது நாட்டு அணியில்; இந்தச் சண்டை எந்த ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கரையும் விடாது. 2021 நவம்பர் 21-ல் மிலானில் இன்டர் அணியின் ஸ்க்ரினியாருடன் தலை மோதி, இடது கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் பல இடங்களில் உடைந்தன. தகடுகளும் திருகுகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடிய பிறகு, முகத்துக்கேற்ப வார்த்த கார்பன் ஃபைபர் முகமூடியோடு திரும்பினார். அதைத்தான் இன்றுவரை அணிகிறார். 2022 ஜனவரியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அவரால் போக முடியவில்லை.

இனி 2022–23. பயிற்சியாளர் லூச்சானோ ஸ்பலெட்டி, 4–3–3 அமைப்பு (நான்கு தடுப்பாளர்கள், நடுக்களத்தில் மூவர், முன்வரிசையில் மூவர்). இடது விங்கில், அதாவது இடது ஓரத்தில், ஜார்ஜியாவின் குவாரட்ஸ்கேலியா. அவர் பந்தோடு உள்ளே வெட்டும்போது எதிரணியின் வலப்பக்கத் தடுப்பாளர்கள் இருவர் அவரை நோக்கி நகர்வார்கள். அதே நொடியில் ஓசிம்ஹென், சென்டர்-பேக்கின், அதாவது நடுத் தடுப்பாளரின், முதுகுப் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் நிற்பார். பந்து வரும்போது முன்னால் பாய்வார். பக்கவாட்டிலிருந்து தூரக் கம்பத்துக்கு உயரமாக வரும் கிராஸ் அவருக்குப் பிடித்த பந்து. 2023 பிப்ரவரியில் ஸ்பேட்சியாவுக்கு எதிராக அவர் பந்தைத் தலையால் தொட்டது 2.58 மீட்டர் உயரத்தில் என்று இத்தாலியப் பத்திரிகைகள் அளந்து எழுதின; கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் இருப்பதே 2.44 மீட்டரில். அவருக்குப் பலவீனமும் உண்டு. எதிரணி பெனால்டி பாக்ஸுக்குள் கூட்டமாக இறங்கி நின்றால் ஓட இடமிருக்காது. கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தைப் பிடித்து வைப்பதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர் அல்லர்; பொறுமையிழந்து ஆஃப்சைடிலும் மாட்டுவார்.

மே 4-ஆம் தேதி உதினேயில் அவர் அடித்த கோலால் ஆட்டம் 1–1 ஆனது. நாப்போலி 33 ஆண்டுகளுக்குப் பிறகு, மரடோனா காலத்துக்குப் பிறகு, பட்டம் வென்றது. அவ்வாண்டின் ஆப்பிரிக்கச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அடுத்த பருவம் ஆப்பிரிக்கக் கோப்பையின் விலையைக் காட்டியது. 2024 ஜனவரி, பிப்ரவரியில் நடந்த தொடரில் நைஜீரியா இறுதிவரை போய் ஐவரி கோஸ்ட்டிடம் 1–2 என்று தோற்றது. விதிப்படி கிளப் வீரரை விட்டே ஆக வேண்டும். அந்த வாரங்களில் நாப்போலி மேலும் தடுமாறியது. ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்களின் கீழ் ஆடிக் கடைசியில் 10-ஆம் இடத்தில் முடித்தது. இவர் மட்டும் 25 லீக் ஆட்டங்களில் 15 கோல்.

இதற்கிடையே 2023 டிசம்பரில் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார். அதில் விடுவிப்புத் தொகை சுமார் 13 கோடி யூரோ. அந்தத் தொகையைக் கொடுத்தால் கிளப் மறுக்க முடியாது என்பது வீரருக்குச் சாதகம். அவ்வளவு கொடுக்க ஆளில்லை என்றால் அதுவே அவரைப் பூட்டும் பூட்டு. 2024 கோடையில் அதுதான் நடந்தது. செல்சியோடு பேச்சு சம்பளத்தில் முறிந்தது. சவூதியின் அல்-அஹ்லி வேறு ஸ்ட்ரைக்கரை வாங்கியது. நாப்போலி பெல்ஜிய ஸ்ட்ரைக்கர் லுக்காக்குவை வாங்கி, ஓசிம்ஹெனை அணிப் பட்டியலிலிருந்தே விட்டுவிட்டது. ஆகஸ்ட் 30-ல் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் சந்தை மூடியது. துருக்கியில் செப்டம்பர் நடுப்பகுதிவரை திறந்திருந்தது. இஸ்தான்புல்லின் கலாத்தாசராய் கடனாக வாங்கிக்கொண்டது. லீகில் மட்டும் 26 கோல், எல்லாம் சேர்த்து 37. லீக், கோப்பை இரண்டும் கலாத்தாசராய்க்கே. 2025 ஜூலையில் 7.5 கோடி யூரோவுக்கு நிரந்தரமாக வாங்கியது. துருக்கிக் கால்பந்து அதற்கு முன் அப்படியொரு தொகையைக் கண்டதில்லை.

இந்த 7.5 கோடியில் எல்லாமே விற்கும் கிளப்புக்குப் போகாது. ஃபிஃபாவின் ஒற்றுமைப் பங்கு விதிப்படி, வீரர் ஒப்பந்த காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது 5 சதவீதத்தைப் பிடித்து, 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 7.5 கோடிக்குக் கணக்குப் போட்டால், பதினாறாம் வயதில் ஓராண்டு வைத்திருந்த கிளப்புக்கு 3 லட்சத்து 75 ஆயிரம் யூரோ. ஆப்பிரிக்காவின் ஒரு சிறிய அகாடமிக்கு அது பல ஆண்டுச் செலவு. வீரர் ஒவ்வொரு முறை விற்கப்படும்போதும் இது திரும்பவும் வரும்.

ஆனால் கேட்டு வாங்க இரண்டு தாள்கள் வேண்டும். அகாடமி அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தில் பதிவான கிளப்பாக இருக்க வேண்டும். பையன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அங்கே பதிவாகியிருந்தான் என்பது அவனுடைய வீரர் பாஸ்போர்ட் என்ற ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். தெருமுனை மைதானங்களில் நடக்கும் பல அகாடமிகளுக்கு இரண்டுமே இல்லை. 2022 நவம்பர் முதல் ஃபிஃபா பாரிஸில் ஒரு தீர்வகம் நடத்துகிறது. பதிவேட்டை மின்னணு முறையில் பார்த்துப் பங்கைத் தானே கணக்கிட்டு அனுப்பும் வேலை அதனுடையது. முன்புபோல் வழக்குப் போட்டு அலைய வேண்டியதில்லை. பதிவு இல்லாத ஆண்டுக்கு மட்டும் இப்போதும் ஒரு யூரோகூட வராது. அதனால் நைஜீரியாவிலோ கானாவிலோ பன்னிரண்டு வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியாளர், பூட்ஸ் வாங்கித் தருவதற்கு முன்பே அவன் பெயரைச் சம்மேளனத்தில் பதிய வேண்டும். பதிவுச் சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றி, வணக்கம்.