சுக்கான் சிக்கிய வார்ஸ்பைட்

1916 மே 31. முதல் உலகப் போரில், வட கடலில் ஜட்லாண்ட் சண்டை நடக்கிறது. முன்னால் போகும் கப்பல்மேல் இடித்துவிடாமல் இருக்க, பிரிட்டனின் போர்க்கப்பல் வார்ஸ்பைட் சட்டென்று திரும்புகிறது. திரும்பிய சுக்கான் அப்படியே சிக்கிக்கொள்கிறது. ஜெர்மன் பீரங்கிகளுக்கு நேர் எதிரே இந்தப் பெரிய கப்பல் இரண்டு முறை வட்டமடிக்கிறது.

பக்கத்தில் வாரியர் என்ற பிரிட்டிஷ் குரூசர் (இன்னொரு வகைப் போர்க்கப்பல்) நொறுங்கிக் கிடந்தது. அதுவரை அதன்மேல் விழுந்த குண்டுகள் இப்போது வார்ஸ்பைட் பக்கம் திரும்பின. தங்களைக் காப்பாற்றத்தான் வேண்டுமென்றே குறுக்கே வந்தார்கள் என்று வாரியர் மாலுமிகள் நம்பினார்கள். இத்தனை அடி வாங்கியும் வார்ஸ்பைட் தன் சொந்த எஞ்சின் பலத்திலேயே ஊர் திரும்பியது.

சரி, அப்படி என்ன கப்பல் இது? 1912-இல் கட்டத் தொடங்கினார்கள். 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு, ஒரு குண்டு மட்டும் சுமார் 870 கிலோ. அந்தப் பீரங்கியைச் செய்து சுட்டுப் பார்க்கும் முன்பே கப்பலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், எவ்வளவு பெரிய துணிச்சல் பாருங்கள்! குண்டு பெரிதானதால் ஐந்துக்குப் பதில் நான்கு பீரங்கி மேடைகளே போதும் என்று முடிவானது, மிச்சமான இடம் கூடுதல் கொதிகலன்களுக்குப் போனது. எரிபொருள் எண்ணெய். நிலக்கரி அள்ளிப்போடும் வேலையே இல்லை, வேகமும் 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர்) வந்தது. ஆனால் பிரிட்டனிடம் இருந்தது நிலக்கரிதான், எண்ணெய் இல்லை. அதனால்தான் 1914-இல் அந்த அரசு, ஈரானில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு வாங்கியது.

1930-களில் கப்பலைக் கிட்டத்தட்டப் புதிதாகவே மாற்றிக் கட்டினார்கள். பீரங்கிகள் 20 டிகிரிக்குப் பதில் 30 டிகிரி நிமிர்ந்தன, அப்படியென்றால் குண்டு இன்னும் தூரம் போகும். அதன் பலன் 1940 ஜூலை 9-இல், இத்தாலியின் கலாப்ரியா அருகே தெரிந்தது. சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்த ஜூலியோ செசாரே என்ற இத்தாலியப் போர்க்கப்பல் மேல் குண்டு விழுந்தது. குண்டு போய்ச் சேரவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அந்தக் கப்பல் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சுட வேண்டும், சுடுகிற கப்பலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது, பிரிட்டனின் கிழக்குக் கடற்படைக்குத் தலைமைக் கப்பல் இதுதான்.

அப்புறம் 1943 செப்டம்பரில், இத்தாலியின் சலெர்னோ அருகே, வானொலியால் வழிநடத்தப்பட்ட ஜெர்மன் குண்டு ஒன்று மேல்தளத்தில் நுழைந்து அடிப்பகுதியையே பிளந்துவிட்டது. மால்டாவுக்கு இழுத்துப் போனார்கள். ஒரு பீரங்கி மேடை அதன்பிறகு வேலை செய்யவே இல்லை. மீதி மூன்றை வைத்துக்கொண்டு 1944 ஜூன் 6-இல் பிரான்ஸின் நார்மண்டி கரையை நோக்கிச் சுட்டது.

1947-இல் உடைப்பதற்காக இழுத்துப் போகும்போது புயலில் கயிறு அறுந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், புருஷ்யா கோவ் பாறைகளில் போய் ஏறி நின்றது. உடைக்கும் இடம்வரை கொண்டுபோகவே முடியவில்லை, கொஞ்ச தூரம் மட்டும் நகர்த்தி, அந்தக் கார்ன்வால் கரையோரத்திலேயே வைத்து உடைத்தார்கள்.